ஆனைமலையை வரையும் கைகள்

வாளையாறு முதல் போடிமெட்டு வரை, தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி எல்லைக் காடுகளை வரைந்தவர்கள், வரைகிறவர்கள், வரையாமல் விடப்பட்டவை... ஒரு சிறப்புப் பார்வை

வெடிபலா பூக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் வால்பாறைச் சோலைக்குள் போய் நின்றால், கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வேலை வரும். தலைக்கு மேலே சலசலப்பு. பிறகு, மஞ்சளும் பழுப்புமாக ஏதோ ஒன்று சருகின் மேல் பொத்தென்று விழும். தொடர்ந்து இன்னொன்று. சோலைமந்திக் கூட்டம் ஒன்று மேலே சாப்பாட்டில் இருக்கிறது. விழுந்ததை எடுத்துப் பாருங்கள். வெடிபலாப் பூவுக்கு இதழே கிடையாது. தடித்த, சதைப்பற்றான புல்லிவட்டம்தான் பூ. அதுவும் கிளை நுனியில் பூப்பதில்லை. இலை உதிர்ந்த கிளைப் பட்டையின் மேலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கிறது.

பூவைக் கையில் வைத்துப் பார்த்துவிடலாம். பூத்த மரத்தை முழுசாகப் பார்க்க முடியாது. அடிமரம் தெரியும், பட்டையில் படர்ந்த பாசி தெரியும். அதற்கு மேல் பக்கத்து மரங்களின் இலைகள் மறைத்துவிடும். கேமராவைத் தூக்கினால் பச்சைக் குழப்பமும் நடுநடுவே வெளுத்த வானமும்தான் பதிவாகும். மழைக்காட்டு மரத்தை அடி முதல் நுனி வரை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது புகைப்படக்காரருக்குக் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஓவியருக்கு அது நடக்கும். பெங்களூரைச் சேர்ந்த தாவர ஓவியர் நிருபா ராவ் அதைச் செய்து காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களைப் பற்றி திவ்யா முத்தப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் என்ற இரு சூழலியலாளர்கள் எழுதிய ‘பில்லர்ஸ் ஆஃப் லைஃப்’ நூல் 2018-ல் வந்தது. அதன் மரங்களை வரைந்தவர்கள் நிருபா ராவும் சர்தாஜ் குமனும். எழுதிய இருவரும் வால்பாறையைக் களமாகக் கொண்டு, ‘நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்’ அமைப்பின் வழியே, சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை மீண்டும் நடும் வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருபவர்கள். காட்டை நடுகிறவர்களும் வரைகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த புத்தகம் அது.

அந்த மேசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இயற்கைக் காட்சி என்றால் காலண்டர் படம் என்று ஒதுக்கியிருந்த ஓவிய உலகம், காடு கண்ணெதிரே சுருங்கத் தொடங்கிய பிறகு மீண்டும் காட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. யார் வரைகிறார்கள், எதை வரைகிறார்கள், வரைந்ததால் காட்டுக்கும் அங்கே வாழ்கிறவர்களுக்கும் என்ன கிடைத்தது என்ற கேள்விகளுக்கு ஆனைமலையைவிடப் பொருத்தமான இடம் தெற்கில் இல்லை.

ஒரு பகல் தூரத்தில் மூன்று காடுகள்

கோவை, திருப்பூர், பாலக்காடு, திருச்சூர், இடுக்கி என ஐந்து மாவட்டங்களில் கால் பரப்பியிருக்கிறது ஆனைமலைத் தொடர். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. அங்கே ஆனி, ஆடியில் வாட்டர்கலர் தாளை விரித்தால் காயவே காயாது. முதல் பூச்சு உலர்வதற்குள் அட்டை காலில் ஏறியிருக்கும். மலையின் மறுபுறம் மறையூரையும் சின்னாறையும் பாருங்கள். மழை மறைவுப் பகுதி. முள்மரம், பாறை, வறண்ட புல், நரைத்த மலை அணில், நட்சத்திர ஆமை. இவை இரண்டுக்கும் இடையில் இரவிகுளத்தின் புல்வெளியும் சோலையும். கேரளத்துக்குள் இருக்கும் பரம்பிக்குளத்துக்குப் பேருந்தில் போக வேண்டுமென்றால் இன்றைக்கும் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும்.

ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு பகல் பயணத்தில் கரும்பச்சை, சாம்பல், வைக்கோல் மஞ்சள் என்று தட்டின் வண்ணங்களே மாறிவிடும். ஆனால் வண்ணம் மட்டும் போதாது என்பதுதான் தாவர ஓவியத்தின் பாடம். கேமரா ஒரு நொடியைப் பிடிக்கும். தாவர ஓவியர் ஓராண்டை ஒரே தாளில் வைப்பார். கருங்குங்கிலிய மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளிர்க்கும் நாட்களில் அதன் உச்சி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்தை எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் அது பத்தோடு பதினொன்று. அதன் பழத்தை இருவாச்சி விழுங்கும். கொட்டையைத் தொலைவில் போடும். செந்தளிர், முதிர்ந்த இலை, பூ, பழம், வெட்டிப் பார்த்த கொட்டை ஆகிய எல்லாவற்றையும் அதனதன் அளவோடு ஒரே தாளில் வைத்தால், அந்த மரத்தின் ஓராண்டு வாழ்க்கையே அதில் இருக்கிறது. நாற்றங்காலில் விதை பொறுக்குகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே படம் உதவும்.

நிருபா ராவ் இதைப் படித்துப் பட்டம் வாங்கிச் செய்யவில்லை. குடும்பத்தில் வேர் இருந்தது. கர்நாடகத் தாவரங்களை ஆவணப்படுத்திய பாதிரியார் செசில் சல்தானா அவருடைய உறவினர். அமிதவ் கோஷின் ‘கன் ஐலண்ட்’ நாவலின் இந்தியப் பதிப்புக்கு அட்டை வரைந்ததும் அவர்தான். தாவர ஓவியம் ஆய்வேட்டுக்குள் அடங்கிக் கிடந்த காலம் போய், கடைத்தெருப் புத்தகத்தின் அட்டைக்கு வந்துவிட்டது.

┌──────────────
பெட்டிச் செய்தி: ரங்கையா, கோவிந்து

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது; 742 தாவரங்கள். மருத்துவ அறிவைத் தந்த இட்டி அச்சுதனின் பெயர் அதில் இருக்கிறது.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோவையில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்தபடியே தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டினார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். வைட் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள்.

ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று 1853-ல் வைட் பெயர் வைத்தார். ஓவியருக்குக் கிடைத்த அபூர்வ மரியாதை. பின்னாளைய வகைப்பாட்டில் அந்தப் பெயரும் வேறு பேரினத்துக்குள் கரைந்துபோனது. இருவரும் வரைந்த மூலப் படங்களைப் பார்க்க நாம் எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.
└──────────────

துப்பாக்கியும் பென்சிலும்

ஆனைமுடியின் மேல் ஏறியதாகப் பதிவில் இருக்கும் முதல் ஆள் டக்ளஸ் ஹாமில்டன், சென்னை ராணுவத்தின் அதிகாரி. நாள்: 1862 மே 4. அவர் வேட்டைக்காரர், அதே கையால் நன்றாக வரையவும் செய்தார். 1858-ல் வன அதிகாரி கிளெகார்ன் ஆனைமலையின் உயரங்களுக்குப் போனபோது ஹாமில்டனும் உடன் போய் மலைகளை வரைந்தார். ஆனைமலை, பழனி மலைத் தொடர்களின் அகலக் காட்சிகளை நமக்கு முதலில் தாளில் தந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1871-ல், அமெரிக்க அரசின் ஆய்வுக் குழுவோடு தாமஸ் மோரன் என்ற ஓவியர் யெல்லோஸ்டோன் போனார். அவருடைய வாட்டர்கலர் படங்களும் உடன்வந்த வில்லியம் ஜாக்சனின் புகைப்படங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போயின. 1872 மார்ச் 1-ம் தேதி யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது. மோரனின் பெரிய ஓவியம் ஒன்றை அதே ஆண்டு 10,000 டாலருக்கு அரசே வாங்கியது.

இங்கே கதை வேறு திசையில் போனது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1880-களில் தேயிலை வந்தது. அடுத்த பத்தாண்டில் வால்பாறை மேட்டின் காடும் விழத் தொடங்கியது. மலையை வரைந்த தாள் லண்டனுக்குப் போனது. மலையின் மரம் கோடரிக்குப் போனது. இரவிகுளத்தைத் தோட்ட துரைகள் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் புல்வெளி மட்டும் தப்பியது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இன்று நாம் வரையாட்டைப் பார்ப்பது அந்தத் தப்பிய நிலத்தில்தான்.

ஒரு படம் தானாக ஒரு காட்டைக் காப்பாற்றிவிடாது. யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலக்காட்டின் சைலன்ட் வேலியில் நீர்மின் அணை வரவிருந்தபோது சுகதகுமாரி முதலான கவிஞர்கள் ஊர் ஊராகப் போய் மக்கள் காதில் போட்டார்கள். 1984-ல் அது தேசியப் பூங்கா. அந்தக் காட்டுக்குக் குரல் கொடுத்த சொல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தேயிலை காடு அல்ல

மூணாறு கடைவீதியிலும் தங்கும் விடுதிகளின் வரவேற்பறைகளிலும் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அலை அலையாகப் பச்சைச் சரிவு, நடுவே வளைந்து போகும் பாதை, தொலைவில் மஞ்சு. அழகுதான். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது காடு அல்ல. காட்டை வெட்டிய இடத்தில் நட்ட ஒரே ஒரு செடி. அதை ‘இயற்கைக் காட்சி’ என்று வரைந்து, விற்று, வாங்கி, வீட்டில் மாட்டி, பிள்ளைகளுக்கும் இதுதான் இயற்கை என்று பழக்கிவிட்டோம். இந்தப் பழக்கம் கெடுதலானது என்றே சொல்வேன். இழந்தது என்னவென்று தெரியாத ஊர் அதைத் திரும்பக் கேட்காது.

அந்தப் படங்களில் இன்னொன்றும் காணாமல் போயிருக்கிறது: மனிதர்கள். அதிகம் போனால், முதுகில் கூடையோடு ஒரு பெண், முகம் தெரியாத தூரத்தில். லயன் வீடுகள் இருக்காது. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயன்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். தலைமுறைகளுக்கு முன் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கமிருந்து கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள் அவர்களில் பெரும்பான்மை. அந்தச் சரிவும் ஒரு நிலக்காட்சிதான். அதை வரையும் ஓவியர் நமக்கு வேண்டும்.

யானைப் படங்களுக்கும் இதே குறை உண்டு. கம்பீரமாகக் காதை விரித்து, பின்னணியில் அந்தி வானம். இடுக்கியின் சின்னக்கானல் மக்களுக்கு யானை அப்படித் தெரியவில்லை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவில் அது ஓடியதைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூனில் மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானையின் வழியில் ஊர் வந்ததா, ஊரின் வழியில் யானை வந்ததா என்பதை ஒரே சட்டத்துக்குள் காட்ட ஓவியத்தால் முடியும். யானையையும் ரேஷன் கடையையும் சேர்த்து வரையத் துணிவுதான் வேண்டும்.

நம் ஓவியர்கள் நிலக்காட்சியைக் கைவிட்டதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1911-ல் கோவையில் பிறந்த கே.சி.எஸ்.பணிக்கர், தொடக்கத்தில் கேரளத்து நீர்க்கரைகளை வரைந்து பெயர் வாங்கியவர். பிறகு அவர் குறியீடுகளின் பக்கம் போனார். 1963-ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைதான் இன்று அவர் அடையாளம். 1966-ல் அவர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. அவரைப் போன்றவர்கள் வளர்த்த சென்னை ஓவிய இயக்கம் நவீன ஓவியத்துக்குத் தந்தது மிகப் பெரிது. அந்த வேகத்தில் மரமும் மலையும் பழைய பாடமாகிப் பின்னுக்குப் போய்விட்டன. இப்போது திரும்பி வருகிறவை, இழப்பைத் தெரிந்துகொண்ட மரமும் மலையும்.

பாறையில் வரைந்தவர்களின் பேரர்கள்

இந்த மலைகளின் ஓவிய வரலாறு துரைகளோடு தொடங்கவில்லை. மறையூரில் ஆட்டலை, எழுத்துக் குகை, மணலை ஆகிய இடங்களில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. சந்தனக் காட்டுக்குள் இருக்கும் எழுத்துக் குகையில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட உருவங்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாயில், கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதியிலும் வெள்ளை வண்ணத்தில் வரைந்த பாறை ஓவியங்கள் உண்டு. யானையும் அவற்றில் இருக்கிறது. மழையும் வெயிலும் விட்டுவைத்த இந்தக் கோடுகளின் மேல் நம் காலத்து ஆட்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள்.

பாறையில் வரைந்த மரபு இன்னும் உயிரோடு இருப்பது நீலகிரியின் ஆலு குறும்பர்களிடம். கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பை ஊரின் எழுத்துப் பாறை அவர்களுடைய முன்னோர் வரைந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த ஆர்.கிருஷ்ணன், கிட்னா என்று அறியப்பட்டவர், இந்த மரபைப் பாறையிலிருந்தும் சுவரிலிருந்தும் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர். மலைத்தேன் எடுக்கும் காட்சியை அவர் வரைந்தால், செங்குத்துப் பாறை, அதில் தொங்கும் கொடி ஏணி, அதன் நடுவே ஒரு சின்ன மனிதர், கீழே காத்திருக்கும் குடும்பம் எல்லாம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. வேடிக்கை பார்க்க நிற்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. காட்டை வெளியிலிருந்து பார்க்கிறவர் வரைந்த படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

அவருக்கு பத்மஸ்ரீ விருது 2026-ல் அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்த பிறகு.

┌──────────────
பெட்டிச் செய்தி: காடே வண்ணக் கடை

• செம்பழுப்பு: வேங்கை மரத்தின் பிசின்
• பச்சை: காட்டு இலைகளின் சாறு
• கருப்பு: மரப்பட்டை

சுவரிலிருந்து தாளுக்கு இந்தக் கலை வர, சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் குறும்பர் இளைஞர்களுக்கு அளித்த பயிற்சி உதவியது.

பவானி ஆற்றின் மேற்பகுதியில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் குறும்பர் ஊர்கள் உள்ளன. காடர், குறும்பர் உள்ளிட்ட ஐந்து சமூகங்கள் கேரளத்தில் ‘எளிதில் நலிவுறும் பழங்குடிகள்’ பட்டியலில் இருக்கின்றன.
└──────────────

பிசினுக்கு அனுமதி உண்டா?

வேங்கைப் பிசின் கடையில் கிடைக்காது. காட்டுக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். அங்கே கலை, சட்டத்தின் கதவைத் தட்டுகிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரம் தவிர்த்த காட்டு விளைபொருட்களைத் திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. பிசினும் பட்டையும் இலையும் அதில் அடங்கும். சட்டம் தாளில் இருப்பதும் சோதனைச் சாவடியில் நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு தலைமுறை பிசின் எடுக்கப் போகாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எந்த மரம், எந்தப் பருவம், எவ்வளவு கீற வேண்டும் என்பது தெரியாமல் போகும். பிறகு போஸ்டர் கலரில் குறும்பர் ஓவியம் வரையலாம். அது வடிவத்தின் நகலாக மட்டும் இருக்கும். குறும்பர் கலைக்கு விருது தரும் அரசுக்கு, அவர்களுடைய வன உரிமைப் பட்டாவையும் முடித்துத் தரும் கடமை இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

பணம் எப்படி வரும் என்பதற்கு கூடலூர்ப் பக்கத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்து வளைத்து, பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், சோளகர் கலைஞர்கள் ஆளுயர யானைகளைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் நடமாடும் நிஜ யானை ஒன்றின் சாயல். 2021-ல் அந்த மந்தை லண்டன் பூங்காக்களில் நின்றது; 2024-ல் தொடங்கி நூறு யானைகள் அமெரிக்காவைச் சுற்றின. செய்தவர்களுக்குக் கூலி, காட்டுக்குக் களை நீக்கம், பார்த்தவர்களுக்கு யானையோடு வாழ்வது பற்றிய பாடம். உண்ணிச்செடி பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பஞ்சமில்லாமல் கிடக்கிறது. இந்த முயற்சியை அங்கும் கொண்டுபோகத் தடை எதுவும் தெரியவில்லை.

2030-க்குள் செய்ய வேண்டியவை

நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தால் அதைக் காண வந்த கூட்டம் குறைந்தது. அடுத்தது 2030. இரவிகுளத்துக்கும் வட்டவடைக்கும் அன்று வரப்போகிற லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே படத்தை எடுக்கும். அதற்கு முன்பே சில காரியங்களைத் தொடங்கிவிடலாம்.

மறையூர், குமிட்டிபதி பாறை ஓவியங்களுக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் போதாது, ஆள் வேண்டும். சின்னாறில் மலையேற்றத்துக்கு வழிகாட்டுகிறவர்கள் முதுவரும் மலைப்புலையரும்தான். அவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைக்க இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் முன்வர வேண்டும். வால்பாறை, மூணாறு, அட்டப்பாடி அரசுப் பள்ளிகளின் சுவர்களில் கார்ட்டூன் பொம்மைகளுக்குப் பதிலாக வெடிபலாவும் கருங்குங்கிலியமும் அவற்றின் தமிழ், மலையாளப் பெயர்களோடு ஏறட்டும். வரைய ஆள் தேட வேண்டியதில்லை. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலேயே மரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரங்கையா, கோவிந்துவின் படங்களை எடின்பரோவிலிருந்து தரமான நகல்களாகவாவது வாங்கி, கோவை வனக் கல்லூரி வளாகத்திலுள்ள காஸ் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். 1902-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்கு அதைவிடப் பொருத்தமான வரவு இருக்காது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மூணாறு போய் வீட்டுச் சுவருக்கு ஒரு படம் வாங்கினால், அதில் இருப்பது தேயிலையா, காடா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வரைந்தவர் யார் என்றும் கேளுங்கள். பெயர் தெரிந்தால், படத்தின் பின்னால் எழுதி வாங்குங்கள்.